பத்தரை நிமிடம் கேட்டு ஒரு விண்ணப்பம்

தொலைநோக்கியை வைத்து ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால், இரவெல்லாம் மலை உச்சியில் கண் விழித்து வானத்தைப் பார்ப்பவள் என்றுதான் கேட்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். எனக்குத் தரவு தரும் தொலைநோக்கிகளில் ஒன்றைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. வெவ்வேறு கண்டங்களில், வெவ்வேறு மலைகளில் அவை இருக்கின்றன. ஆள் இல்லாமலே கூரையைத் திறக்கின்றன, மேகம் வந்தால் மூடிக்கொள்கின்றன, நான் தூங்கும் நேரத்தில் எனக்காகப் படம் எடுத்து வைக்கின்றன. நான் கண் விழிப்பது வருடத்தில் இரண்டே இரவுகள், விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாளுக்கு முந்தைய இரவுகள்.

அந்த விண்ணப்பத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எங்கள் பேச்சில் அது 'புரொபோசல்'. வானியலுக்குள் புதிதாக வரும் மாணவர்களுக்கு நிறமாலையைப் பற்றிச் சொல்லித்தர ஆள் உண்டு, புள்ளியியல் சொல்லித்தர ஆள் உண்டு, ஆனால் ஒரு தொலைநோக்கியிடம் எப்படி நேரம் கேட்பது என்பதை உட்கார வைத்துச் சொல்லித்தருபவர்கள் குறைவு. நான் கற்றதில் பாதி, 'வருந்துகிறோம்' என்று தொடங்கும் கடிதங்களுக்குக் கீழே இருந்த குறிப்புகளிலிருந்து கற்றது.

ஏன் கேட்க வேண்டியிருக்கிறது? கேட்பவர்கள் அதிகம், இரவு குறைவு, அவ்வளவுதான். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் நான்காம் சுற்றுக்கு, 2024 அக்டோபரில், 2,377 விண்ணப்பங்கள் வந்தன. எல்லாரும் கேட்ட நேரத்தைக் கூட்டினால் ஏறத்தாழ 78,000 மணி நேரம். ஒரு வருடத்தில் இருப்பதே 8,760 மணிதான். ஒன்பது மணி கேட்டால் ஒன்று இருக்கிறது என்ற கணக்கு. தரையில் இருக்கும் தொலைநோக்கிகளில் நெருக்கடி இவ்வளவு இல்லை, ஆனாலும் நல்ல கருவி என்றால் இருப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு கேட்பது சாதாரணம். அங்கே பகல் போக, மழை போக, முழு நிலவு போக மிஞ்சுவதைத்தான் பங்கு போட முடியும்.

இந்தப் பங்கீடு பெரும்பாலும் அரையாண்டுக் கணக்கில் நடக்கிறது. ஐரோப்பிய தெற்கு வான் ஆய்வகத்தின் (சிலியில் பரனால் மலையில் 8.2 மீட்டர் அகல ஆடி கொண்ட தொலைநோக்கிகள் நான்கு வைத்திருப்பவர்கள்) பருவங்கள் ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்கும். லாஸ் கும்ப்ரேஸ் என்ற ரோபோ தொலைநோக்கி வலையமைப்பில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும். ஐரோப்பிய ரேடியோ வலையமைப்பில் வருடத்துக்கு மூன்று கடைசி நாட்கள்: பிப்ரவரி 1, ஜூன் 1, அக்டோபர் 1. எங்கள் துறையில் இருப்பவர்கள் வீட்டு விசேஷங்களுக்குத் தேதி குறிக்கும்போது இந்தத் தேதிகளையும் சேர்த்தே பார்ப்பார்கள்.

முன்பெல்லாம் நேரம் என்றால் இரவுதான். உங்களுக்கு மூன்று இரவுகள் கொடுப்பார்கள், நீங்கள் மலை ஏறுவீர்கள், மூன்று நாளும் மேகம் மூடியிருந்தால் வெறுங்கையோடு இறங்கி அடுத்த வருடம் மறுபடி கேட்பீர்கள். இன்றும் சில இடங்களில், சில கருவிகளுக்கு, அந்த முறை இருக்கிறது. ஆனால் வலையமைப்புகள் வந்த பிறகு கேட்கும் பொருளே மாறிவிட்டது. லாஸ் கும்ப்ரேஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஹவாயின் ஹலேயகலா, டெக்சாஸ், சிலியின் செர்ரோ டொலோலோ, தென்னாப்பிரிக்காவின் சதர்லாந்து, ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங், டெனெரிஃப் தீவு என்று பூமியைச் சுற்றித் தொலைநோக்கிகள். ஓரிடத்தில் விடிந்தால் இன்னோரிடத்தில் இருட்டும். அங்கே எந்தத் தொலைநோக்கி என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, ஒரு மீட்டர் வகையில் ஏதோ ஒன்று என்று சொன்னால் போதும். எல்லாருடைய வேண்டுகோள்களையும் ஒன்றாகக் கொட்டி ஒரு நிரல் கணக்குப் போட்டு, எதை எங்கே எப்போது எடுப்பது என்று அட்டவணை தயாரிக்கிறது. சிலியில் மேகம் வந்தால் சில நிமிடங்களில் கணக்கை மறுபடி போட்டு, உங்கள் வேலையை வேறிடத்துக்கு நகர்த்துகிறது.

அதனால் நீங்கள் கேட்பது ஓர் இரவை அல்ல, எல்லாருக்கும் பொதுவான ஓர் அட்டவணையில் சில நிமிடங்களை. இந்த ஒரு விஷயம் எனக்கு உறைக்க நான்கு வருடம் ஆனது.

சரி, விண்ணப்பத்துக்குள் போவோம். பக்கக் கட்டுப்பாடு இறுக்கமாக இருக்கும், அறிவியல் காரணத்துக்கு இரண்டு மூன்று பக்கம்தான். புதியவர்கள் அதில் ஒன்றரைப் பக்கத்தைப் பிரபஞ்சத்தின் தோற்றத்தில் ஆரம்பித்துக் கடத்திவிடுகிறார்கள். படிக்கிறவர்களும் வானியலாளர்கள்தானே, அவர்களுக்கு அது தெரியும். அவர்கள் தேடுவது நான்கு பதில்களை. ஏன் இந்தப் பொருள்? ஏன் இந்தப் பருவத்திலேயே, அடுத்த வருடம் ஏன் கூடாது? ஏன் இந்தக் கருவி, இதைவிடச் சின்னது ஏன் போதாது? ஏன் இத்தனை மணி நேரம்? கடைசிக் கேள்வியில்தான் நிறைய நல்ல விண்ணப்பங்கள் விழுகின்றன.

என்னுடையதையே எடுத்து வைக்கிறேன். நான் பார்ப்பது சில கேலக்ஸிகளின் நடுவில் இருக்கும் கருந்துளைகளை. அவற்றைச் சுற்றி வாயு ஒரு தட்டு போலச் சுழன்று விழுகிறது. அந்தத் தட்டின் உள்பக்கம் சூடு அதிகம், நீல ஒளி தருகிறது. வெளிப்பக்கம் சூடு குறைவு, சிவப்பை நோக்கிய ஒளி. கருந்துளைக்குப் பக்கத்தில் ஒளி கூடினாலோ குறைந்தாலோ அந்த மாற்றம் முதலில் நீலத்தில் தெரியும், ஒரு நாள் இரண்டு நாள் கழித்துச் சிவப்பில் தெரியும். ஒளி உள்ளிருந்து வெளியே போக எடுக்கும் நேரம் அது. அந்தத் தாமதத்தை அளந்தால் தட்டு எவ்வளவு பெரியது என்று சொல்லிவிடலாம். எந்தத் தொலைநோக்கியாலும் பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்குச் சின்னதான ஒன்றைக் கடிகாரத்தை வைத்து அளக்கிறோம் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கிறது.

இதற்குத் தினமும் ஒரு படம் வேண்டும், ஐந்து மாதம், விடாமல். தொலைநோக்கி 150 முறை அந்தப் பொருளிடம் திரும்ப வேண்டும், எங்கள் பேச்சில் 150 வருகைகள். ஒவ்வொரு வருகையிலும் மூன்று ஃபில்டர் (ஒரு நிற ஒளியை மட்டும் விடும் வடிகட்டிகள்: நீலம், சிவப்பு, நடுவில் ஒன்று), ஒவ்வொன்றிலும் 60 வினாடி எக்ஸ்போஷர் இரண்டு. எக்ஸ்போஷர் கால்குலேட்டர் என்று எல்லா ஆய்வகங்களும் ஒரு கணிப்பானை வைத்திருக்கும். பொருளின் பிரகாசம், நிலவின் நிலை, காற்றின் அலைவு எல்லாம் கொடுத்தால் எத்தனை வினாடிக்கு எவ்வளவு துல்லியம் என்று சொல்லும். எனக்கு ஒரு சதவீதத் துல்லியம் வேண்டும், அதற்கு இந்த 60 வினாடி. ஆக ஒரு வருகைக்கு ஆறு நிமிடம், 150 வருகைக்கு 15 மணி நேரம். என் முதல் விண்ணப்பத்தில் இந்த 15-ஐத்தான் எழுதினேன்.

தவறு. ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் கேமராவிலிருந்து படத்தைப் படித்து எடுக்க அரை நிமிடம் போகும். தொலைநோக்கி திரும்பி, பொருளைப் பிடித்து, நிலைகொள்ள ஒன்றரை நிமிடம். 360 வினாடி ஒளிக்காக, 180 கேமராவுக்கு, 90 திரும்புவதற்கு. மொத்தம் 630 வினாடி, பத்தரை நிமிடம். 150 வருகைக்கு 26 மணி நேரத்துக்கு மேல். என் கணக்கில் 11 மணி நேரத்தைக் காணவில்லை. கருவியைத் தெரிந்த ஒருவர் அந்தப் பட்டியலைப் பார்த்த முதல் நிமிடத்திலேயே, இவர் இந்தத் தொலைநோக்கியைப் பயன்படுத்தியதில்லை என்று புரிந்துகொண்டிருப்பார். கடிதத்தில் ஒரே வரி வந்தது: மேல்நேரம் (ஒளி சேர்ப்பதைத் தவிர மற்றவற்றுக்குப் போகும் நேரம்) கணக்கிடப்படவில்லை.

படிப்பவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நேர ஒதுக்கீட்டுக் குழு என்றால் ஏதோ அதிகாரிகள் என்று தோன்றும், அப்படி இல்லை. என்னைப் போன்றவர்கள்தான், தங்கள் வேலைக்கு நடுவே ஐம்பது அறுபது விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடுகிறார்கள். சூப்பர்நோவா பார்ப்பவர் கையில் வால்நட்சத்திரம் பற்றிய விண்ணப்பம் போகும். இரவு பதினோரு மணிக்கு, நாற்பதாவது விண்ணப்பமாக உங்களுடையதைப் படிக்கும் ஒருவரை மனதில் வைத்து எழுதுங்கள் என்று எனக்கு ஒரு மூத்தவர் சொன்னார். அதற்கு மேல் நல்ல அறிவுரை இந்த விஷயத்தில் நான் கேட்டதில்லை.

விண்ணப்பங்கள் பெருகப் பெருக இந்தக் குழு முறை மூச்சுத் திணறுகிறது. அதனால் பல இடங்களில் பொறுப்பைப் பரப்பிவிட்டார்கள். 2009-ல் மெரிஃபீல்ட், சாரி என்ற இருவர் ஒரு யோசனை சொன்னார்கள்: நேரம் கேட்பவர், மற்றவர்களின் விண்ணப்பங்களில் ஒரு பகுதியைப் படித்து வரிசைப்படுத்தித் தர வேண்டும். சிலியில் 5,000 மீட்டர் உயரத்தில் 66 ஆன்டெனாக்களோடு இருக்கும் அல்மா என்ற ரேடியோ தொலைநோக்கியில் இப்போது அப்படித்தான். ஒரு விண்ணப்பம் போட்டால் பத்து விண்ணப்பங்களைப் படிக்க வேண்டும். ஜெமினி தொலைநோக்கிகளில் மாதாமாதம் கேட்கக்கூடிய துரித வழி ஒன்று 2015 முதல் இருக்கிறது, அதிலும் கேட்பவர்களே படிப்பவர்கள். சிலர் இதைச் சுமை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பத்துப் பேர் எழுதியதை மதிப்பிட உட்கார்ந்தபோதுதான் என் எழுத்தில் எது சலிப்பூட்டும் என்று எனக்குத் தெரிந்தது. முன்னுரை நீளமாக இருந்த எல்லா விண்ணப்பத்திலும் நான் நேராக நேரக் கணக்குப் பட்டியலுக்குத் தாவினேன். என்னுடையதையும் அப்படித்தான் படித்திருப்பார்கள்.

இன்னொரு மாற்றம் எனக்கு இதைவிட முக்கியம். 2018-ல் ஹபிள் தொலைநோக்கியின் 26-ஆம் சுற்றில், விண்ணப்பித்தவர் யார் என்று படிப்பவருக்குத் தெரியாமல் மறைத்தார்கள். அதற்கு முன் பல சுற்றுகளாக, ஆண்கள் தலைமையிலான விண்ணப்பங்களே பெண்கள் தலைமையிலானவற்றைவிடக் கொஞ்சம் அதிக விகிதத்தில் தேறிவந்தன. பெயரை மறைத்த அந்தச் சுற்றில் பெண்களுக்கு 8.7 சதவீதம், ஆண்களுக்கு 8.0. ஒரு சுற்றின் எண்ணை வைத்துப் பெரிய முடிவுக்கு வரக் கூடாது என்பது புள்ளியியல் தெரிந்த எல்லாருக்கும் தெரியும், ஆனால் பேச்சு மாறியது உண்மை: குழு அறையில் 'இவரால் முடியுமா' என்ற கேள்வி போய் 'இது முடியுமா' என்ற கேள்வி வந்தது. இப்போது வெப், அல்மா எல்லாவற்றிலும் இதே முறை. 'நாங்கள் முன்பு காட்டியது போல' என்று எழுத முடியாது. 'முந்தைய ஆய்வில் காட்டப்பட்டது போல' என்று, வேறு யாரோ செய்தது போலத்தான் எழுத வேண்டும். முதல் தடவை எழுதும்போது கை தடுமாறும். அப்புறம் பழகிவிடும்.

நேரம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதோடு முடிவதில்லை. பொது அட்டவணையில் கிடைக்கும் நேரம் என்பது கையில் கொடுத்த ரொக்கம் மாதிரி இல்லை. வங்கியில் போட்ட பணம் மாதிரி, எடுக்கத் தெரிய வேண்டும். நான் இரண்டாவது தடவை சரியான கணக்கோடு விண்ணப்பித்து, ஒரு வலையமைப்பில் எனக்கு நேரம் கொடுத்தார்கள். மகிழ்ச்சியில், கிடைக்கும் தரவு சுத்தமாக இருக்க வேண்டும் என்று எல்லா நிபந்தனைகளையும் இறுக்கினேன். பொருள் வானில் ஐம்பது டிகிரிக்கு மேல் இருந்தால்தான் எடுக்க வேண்டும். நிலவு அறுபது டிகிரிக்கு அப்பால் இருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் நான் குறித்த நேரத்துக்கு ஒரு மணி முன்னே பின்னே, அதற்குள் மட்டும்.

முதல் பத்து நாள் வேண்டுகோள்கள் வரிசையாகக் 'காத்திருப்பு' என்று நின்றன. பிறகு ஒவ்வொன்றாகக் 'காலாவதி' என்று மாறின. காலையில் எழுந்து அந்தப் பக்கத்தைத் திறக்கப் பயமாக இருக்கும். முழு நிலவு வந்தபோது ஒன்பது நாள் தொடர்ந்து ஒரு படம் இல்லை, அந்த ஒன்பது நாளில்தான் என் கேலக்ஸி ஒரு பெரிய ஏற்றம் கண்டது என்று பின்னால் வானத்தைத் தொடர்ந்து படமெடுக்கும் வேறொரு திட்டத்தின் தரவிலிருந்து தெரிந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது. நான் போட்ட சல்லடையில் வானம் நுழையவில்லை, அவ்வளவுதான். நிரல் நடுராத்திரியில் சிலியில் பத்து நிமிட இடைவெளி ஒன்றைக் கண்டுபிடித்திருக்கும், ஆனால் என் கேலக்ஸி அப்போது நாற்பத்தெட்டு டிகிரியில் இருந்திருக்கும், அந்த இடைவெளி இன்னொருவருக்குப் போயிருக்கும்.

அதன் பிறகு ஒரு வாரம் உட்கார்ந்து, எந்த நிபந்தனை எனக்கு உண்மையிலேயே வேண்டும், எது பயத்தில் போட்டது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தேன். பழைய படங்களை எடுத்துப் பார்த்தால், முப்பத்தைந்து டிகிரியில் எடுத்தவற்றிலும் எனக்கு வேண்டிய ஒரு சதவீதம் இருந்தது. நிலவு முப்பது டிகிரியில் இருந்தபோது நீல ஃபில்டர் மட்டும் கொஞ்சம் கெட்டது. ஒரு நாளைக்கு ஒரு படம் என்றால் 24 மணி நேர இடைவெளி சரியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, பன்னிரண்டு மணி நேரம் முன்னே பின்னே போனாலும் தாமதத்தை அளக்கும் கணிதத்துக்குக் கவலை இல்லை. சொல்லப்போனால் சீரில்லாத இடைவெளி சில பொய்யான முடிவுகளைத் தவிர்க்கவும் உதவுகிறது. நான் மூன்றையும் தளர்த்தினேன். அடுத்த பருவத்தில் பத்தில் எட்டு வேண்டுகோள்கள் நிறைவேறின.

எல்லாருக்கும் இப்படித் தளர்த்த முடியாது. சூரியன் அல்லாத ஒரு நட்சத்திரத்தின் முன்னால் கோள் கடக்கும் நேரத்தை அளப்பவருக்கு அந்தக் கடப்பு நடக்கும் மூன்று மணி நேரம்தான் வேண்டும், அதை வேறொரு நேரத்துக்குத் தள்ள முடியாது. ரேடியோ வலையமைப்புகளில் கண்டம் தாண்டி இருக்கும் ஆன்டெனாக்கள் எல்லாம் ஒரே பொருளை ஒரே நேரத்தில் பார்த்தால்தான் வேலையே நடக்கும், அங்கே நகர்த்த இடமில்லை. அப்படிப்பட்டவர்கள் இருப்பதால்தான் நகர முடிந்தவர்கள் நகர வேண்டும் என்று நினைக்கிறேன். லாஸ் கும்ப்ரேஸில் இதற்கு ஓர் ஏற்பாடே இருக்கிறது. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் 0.5-இலிருந்து 2 வரை ஒரு பெருக்கெண் கொடுக்கலாம். ஒன்றுக்கு மேல் கொடுத்தால் முன்னுரிமை கூடும், ஆனால் அதற்கென்று இருக்கும் கணக்கிலிருந்து கழியும். ஒன்றுக்குக் கீழே கொடுத்து, அது நிறைவேறினால், கணக்கில் ஏறும். சாதாரண இரவுகளில் விட்டுக்கொடுத்துச் சேர்த்து, பொருள் ஏதாவது விசேஷமாக நடந்துகொள்ளும் இரவில் செலவழிக்கலாம்.

இன்னும் நடக்காத ஒன்றுக்காகவும் நேரம் கேட்கலாம் என்பது வெளியில் இருப்பவர்களை ஆச்சரியப்படுத்துகிறது. 'இப்படி ஒன்று நடந்தால், இந்த நிபந்தனைகள் பொருந்தினால், உடனே பார்க்க அனுமதி கொடுங்கள்' என்று எழுதி வாங்கி வைத்துக் காத்திருப்பது. 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதிய ஈர்ப்பு அலை வந்தபோது பல குழுக்களிடம் அந்த அனுமதி கையில் இருந்தது. அலை வந்து பதினோரு மணி நேரத்துக்குள், சிலியிலிருந்து ஸ்வோப் தொலைநோக்கி என்ஜிசி 4993 என்ற கேலக்ஸியில் புதிய ஒளிப்புள்ளியைப் பிடித்தது. அதைத் தனித்தனியாகக் கண்ட ஆறு குழுக்களில் லாஸ் கும்ப்ரேஸ் குழுவும் ஒன்று. சிலியில் பொருள் மறைந்ததும் ஆஸ்திரேலியா, அங்கே மறைந்ததும் தென்னாப்பிரிக்கா என்று கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்ததால், நீலமாக இருந்த ஒளி ஓரிரு நாளில் சிவந்து மங்கியதை இடைவெளி இல்லாமல் பதிவு செய்தார்கள். அந்த அனுமதிகளை எழுதியவர்கள், அப்படி ஒன்று அந்தப் பருவத்தில் நடக்குமா என்றே தெரியாமல் எழுதியவர்கள். எனக்கு இந்தத் துறையில் பிடித்த எழுத்து அதுதான்.

எல்லாம் குழு வழியாகத்தான் என்றும் இல்லை. இயக்குநர் கையில் கொஞ்சம் நேரம் எப்போதும் இருக்கும். 1995 டிசம்பரில், ஹபிளின் அறிவியல் பணிகளை நடத்தும் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த ராபர்ட் வில்லியம்ஸ் தன் பங்கிலிருந்து பத்து நாளை எடுத்து, ஒன்றுமே இல்லை என்று தோன்றும் ஒரு சின்ன வானப் பகுதியை ஹபிளைக் கொண்டு பார்க்க வைத்தார். ஏறத்தாழ 3,000 கேலக்ஸிகள் வந்தன. வழக்கமான குழுவிடம் 'வெறும் இடத்தைப் பத்து நாள் பார்க்க வேண்டும்' என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. பங்கீடு எவ்வளவு நியாயமாக இருந்தாலும், அதற்கு வெளியே இப்படி ஒரு சின்ன கதவு இருக்க வேண்டும்.

இந்த வருடத்து விண்ணப்பத்துக்கு வருகிறேன். 26 மணி நேரம் கேட்டேன். நேரம் ஏன் வேண்டும் என்று எழுதிய பத்தியின் கடைசியில், முதல் தடவையாக, நான்கு வரி சேர்த்தேன்: முழு நேரமும் தர இயலாவிட்டால் நடு ஃபில்டரை விட்டுவிடுகிறேன், நாட்களை மட்டும் குறைக்க வேண்டாம், நீலமும் சிவப்பும் இருந்தால் தாமதம் கிடைத்துவிடும், நாட்கள் குறைந்தால் எதுவும் கிடைக்காது. அனுப்பும் முன் அந்த வரிகளை இரண்டு தடவை அழித்தேன். குறைத்துக்கொள்ளத் தயார் என்று நானே சொன்னால் குறைத்துத்தான் கொடுப்பார்கள் என்ற பயம்.

இருபது மணி நேரம் கொடுத்தார்கள். குறிப்பில், மாற்றுத் திட்டம் தெளிவாக இருந்ததால் நிராகரிக்காமல் குறைத்துக் கொடுக்கிறோம் என்று இருந்தது. இரண்டு ஃபில்டர் என்றால் ஒரு வருகைக்கு ஏழரை நிமிடம், 150 வருகைக்கு 18 மணி 45 நிமிடம். மீதி 75 நிமிடத்தை, படம் வந்தும் காற்று கெட்டுப்போன இரவுகளை மறுபடி எடுப்பதற்காக ஒதுக்கி வைத்தேன். சரியாகப் பத்து வருகைகள். இதுவரை ஏழு செலவாகியிருக்கிறது, பருவம் முடிய இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.